‘பெர்கி பெக்கான்’: இரண்டு சொல்லால் நாங்கள் பட்ட அலைச்சல்

2021 நவம்பரில் காலை ஷிப்ட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது, எஸ்டேட் சாலை முனையில் லோரி மோதி என் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மலேசியாவின் நெகிரி செம்பிலானில், செம்பனைக் காட்டுக்கு நடுவே இருக்கிற சின்ன டவுன் எங்களுடையது. எண்ணெய் ஆலையில் பதினொரு வருடம் வேலை செய்தவன் நான். ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர்களும் மிஸ்ஸிகளும் (நர்சுகள்) நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு காகிதத்தோடு பட்ட பாட்டைத்தான் எழுத நினைக்கிறேன். எங்களைப் போல எஸ்டேட்டில் இருப்பவர்களுக்கு இது யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

விபத்து நடந்த மறுநாள் என் மச்சான்தான் ஸ்டேஷனுக்குப் போய் போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தார். இரண்டு நாளாகத் தூங்காத மனுஷன். நான் எங்கே போய்க்கொண்டிருந்தேன் என்று கேட்டதற்கு, பெக்கானுக்குப் போகிற ரோட்டில் என்று சொல்லியிருக்கிறார். தட்டச்சு செய்தவர் மலாயில் ‘பெர்கி பெக்கான்’ என்று அடித்துவிட்டார். டவுனுக்குப் போனார், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். வேலைக்குப் போனார், ‘பெர்கி கெர்ஜா’, என்று எங்கேயும் இல்லை. மச்சான் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அந்த நிலையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் (இப்போது பெர்கேசோ என்றுதான் எழுதுகிறார்கள், எங்கள் வாயில் சொக்சோதான்) வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போய் வரும் வழியில் நடக்கிற விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் பயணம் நேராக வேலைக்கானதாக இருக்க வேண்டும். வழியை மாற்றி வேறு காரியத்துக்குப் போனால் கிடையாது. எங்கள் ரிப்போர்ட்டில் இருந்ததோ ‘பெர்கி பெக்கான்’. ஏழு வாரம் கழித்து, வேலைக்குப் போன பயணம் என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று கடிதம் வந்தது. அதற்குள் மனைவியின் வளையல் இரண்டும் அடகுக்கடைக்குப் போயிருந்தன.

அந்த ஏழு வாரத்திலும் நாலு வாரம் வீணானது எஸ்டேட் ஆபீசில். வேலை விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கள் கிராணி (ஆபீஸ் குமாஸ்தா) பாரத்தை, அதாவது படிவத்தை, மேசையில் வைத்துக்கொண்டு, ‘எல்லா எம்சியும் (மருத்துவ விடுப்பு) முடியட்டும், மொத்தமாக அனுப்பலாம்’ என்று மனைவியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். நீங்கள் அப்படிக் காத்திருக்காதீர்கள். தொழிலாளியோ குடும்பத்தாரோ நேரடியாகவே சொக்சோ அலுவலகத்தில் போய்ச் சொல்லலாம். நாங்கள் இது தெரியாமல்தான் உட்கார்ந்திருந்தோம்.

இன்னொன்றும் நடந்தது. நான் ஊன்றுகோலில் நடக்க ஆரம்பித்த வாரம், அதே ஆபீசிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தார்கள். சொந்த விருப்பத்தில் வேலையிலிருந்து விலகுகிறேன் என்று ஏற்கெனவே டைப் செய்து, என் பெயருக்கு மேலே கோடு போட்டு வைத்திருந்தார்கள். ‘இதைப் போட்டால் காசு சீக்கிரம் வரும்’ என்றார்கள். வேலை போனால் எஸ்டேட் வீடும் போகும் என்பது லயத்தில் (எஸ்டேட் வரிசை வீடுகள்) வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். மனைவி பேனாவை என் கையிலிருந்து வாங்கி, ‘அவருக்கு ஜுரம், அப்புறம் பார்க்கலாம்’ என்று அனுப்பிவிட்டாள். ஜுரமெல்லாம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவள் செய்த அந்த ஒரு காரியத்தால்தான் இன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறது. அடிபட்டுக் கிடக்கும்போது யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், வீட்டில் படித்த பிள்ளை ஒன்று படித்துச் சொல்லும்வரை கையெழுத்து வேண்டாம்.

சொக்சோ அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த அதிகாரி நல்லவர். கடிதத்தோடு போனபோது, என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். ஸ்டேஷனில் முதல் ரிப்போர்ட்டை விளக்கி இரண்டாவது ரிப்போர்ட், அன்றைய ஷிப்ட் அட்டவணை, முந்தைய மாதத்து பஞ்ச் கார்டு, வீட்டிலிருந்து ஆலைக்குப் போகும் வழியின் வரைபடம். ஸ்டேஷனுக்கு இந்த முறை நானே போனேன். ஒவ்வொரு வரியையும் திரையில் படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பின்னால் மோட்டாரில் வந்த சக தொழிலாளி, ஏழு மணி ஷிப்ட்டுக்கு இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பியதாக எழுதிக் கொடுத்தார்.

வரைபடத்தை ஐந்தாம் வகுப்பு படிக்கிற என் மகள் போட்டாள். தமிழ்ப்பள்ளிக் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த கட்டம் போட்ட தாள். எங்கள் லயம், மாரியம்மன் கோயில், தண்ணீர்த் தொட்டி, முச்சந்தி, ஆலையின் புகைபோக்கி எல்லாம் இருந்தன. டவுனுக்குத் திரும்புகிற சாலையும் ஆலைக்குத் திரும்புகிற சாலையும் பிரிகிற இடத்தில் பச்சைப் பென்சிலால் அம்புக்குறி. நான் விழுந்தது அந்தப் பிரிவைத் தாண்டி, ஆலைப் பக்கம். அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிலுவை போட்டிருந்தாள். அதிகாரி அதைப் பார்த்துவிட்டு அம்புக்குறியின் மேல் விரலை வைத்து, ‘இது போதும்’ என்றார். எத்தனையோ பெரிய மனிதர்களின் கடிதம் செய்யாததை அந்தத் தாள் செய்தது.

அதன் பிறகு எல்லாம் ஓடியது. எம்சி நாட்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதக் கணக்கில் பாக்கி முழுவதும் வந்தது. அப்புறம் இழப்பு எவ்வளவு என்று கணிக்கிற மருத்துவ வாரியம். நிரந்தர இழப்பு 20 சதவீதத்துக்குள் என்றால் மொத்தமாக ஒரே தொகை. அதற்கு மேல் என்றால், ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாக எடுத்துக்கொண்டு மீதியை ஆயுளுக்கும் மாதாமாதம் வாங்கலாம், அல்லது முழுவதையும் மாதாமாதமே வாங்கலாம். எனக்கு 20-க்கு மேல். செயற்கைக் காலும் சொக்சோவே கொடுத்தது. மலாக்காவில் உள்ள அவர்களுடைய மறுவாழ்வு மையத்தில் தங்கி நடக்கப் பழகினேன்.

2007-லிருந்தே சொக்சோவில் மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் ஒன்று இருக்கிறது. கேட்டால்தான் தெரிகிறது. அந்தத் திட்டத்தின் அதிகாரி ஆலைக்கே நேரில் வந்து, நான் எந்த வேலையை உட்கார்ந்து செய்ய முடியும் என்று மேனேஜரோடு நடந்து பார்த்தார். மாற்றுத்திறனாளிக்குக் கொடுக்கிற சம்பளத்தை வருமான வரியில் இரட்டைக் கழிவாகக் காட்டலாம் என்பதை மேனேஜருக்குச் சொன்னதும் அவர்தான். இப்போது பழக்குலை ஏற்றி வரும் லோரிகளை எடை போடுகிற கூண்டில் எனக்கு வேலை. படி ஒன்று இருந்தது, அதைச் சிமெண்டுச் சரிவாக மாற்றிக் கொடுத்தார்கள்.

சரி, ஓகேயு கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். சொக்சோ மருத்துவ வாரியம் பார்த்துவிட்டதே, கார்டு தானாக வந்துவிடும் என்று இருந்தேன். வராது. கார்டு கொடுப்பது சமூகநல இலாகா, ஜேகேஎம். அது வேறு இலாகா, வேறு பாரம். பாரத்தில் டாக்டர் உறுதிப்படுத்துகிற பகுதி ஒன்று உண்டு. ஏழு வகை ஊனத்தில் எது என்று குறித்து, கையெழுத்தும் சாப்பும் (முத்திரை) வைக்க வேண்டும். என் பாரத்தில் கையெழுத்து இருந்தது, சாப் இல்லை. கூலிக் காருக்கு எண்பது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வந்த எனக்கு, ‘சாப் தாக் அடா’ (சாப் இல்லை) என்ற மூன்று சொல்தான் பதில். ஆஸ்பத்திரிக் கவுண்டரை விட்டு நகரும் முன்பே பாரத்தை வெளிச்சத்தில் பிடித்து, பெயர், கையெழுத்து, சாப் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதைவிட வலித்தது அந்த அலுவலகம் இருந்த இடம். கடைவீட்டு மாடி. இருபத்து இரண்டு படி, லிப்ட் கிடையாது. ஊன்றுகோலை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து முதல் முறை ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது வெட்டிய இடத்தில் கட்டுத் துணி ஈரமாகியிருந்தது. மாற்றுத்திறனாளிகள் கண்டிப்பாக வந்தாக வேண்டிய ஒரு கவுண்டரை மாடியில் வைப்பது தவறு. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொதுக் கட்டிடங்களுக்குள் போய்வர எங்களுக்கு உரிமை இருக்கிறது என்கிறது. மீறினால் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. அது இருக்க வேண்டும்.

இரண்டாவது முறை போனபோது நான் ஏறவில்லை. கீழே கடைகளுக்கு முன்னால் இருக்கிற ஐந்தடிப் பாதையில் நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டு, மேலே போன் செய்தேன். ‘புவான் (அம்மா), எனக்கு ஒரு கால்தான். கீழே இருக்கிறேன். பாரத்தில் சாப் இருக்கிறது’ என்றேன். ஐந்து நிமிடத்தில் ஒரு பெண் அதிகாரி இறங்கி வந்தார். மன்னிப்புக் கேட்டு, அங்கேயே நின்று சரிபார்த்து வாங்கிக்கொண்டு போனார். கூச்சப்படாமல் போன் செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் இறங்கி வருவார்கள்.

கார்டு வந்த பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை, பாஸ்போர்ட்டுக்கும் கட்டணம் இல்லை, ரயில் டிக்கெட் பாதி விலை. ஆனால் கார்டை மட்டும் வாங்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அடுத்த லயத்தில் காது கேட்காத தம்பி ஒருவன் ஹார்ட்வேர் கடையில் வேலை செய்கிறான். கார்டு சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்கிற மாற்றுத்திறனாளிக்கு ஜேகேஎம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது என்று அவன் வீட்டில் யாருக்கும் தெரியாது. முதலாளி கையெழுத்து வேண்டும் என்றதும் தவுக்கே பயந்துபோய் இரண்டு வாரம் இழுத்தார். இந்தக் காசு அரசாங்கம் தருவது, உங்கள் கையிலிருந்து ஒரு சென்னும் போகாது என்று நானே போய் எடுத்துச் சொன்ன பிறகு போட்டுக் கொடுத்தார். இப்போது அந்தக் காசில்தான் அவன் மோட்டாருக்குத் தவணை கட்டுகிறான்.

போன வாரம் குலை வெட்டும் ஒருவருக்கு வேலைக்கு வரும் வழியில் அடிபட்டு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அவர் மனைவி ராத்திரி எட்டு மணிக்கு போலீஸ் ரிப்போர்ட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ‘அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க’ என்றார். விளக்கடியில் பிடித்து முதலில் அந்த வரியைத்தான் தேடினேன். ‘பெர்கி கெர்ஜா’ என்று இருந்தது.