ஆச்சியின் மூன்று மாத தானம்

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு வந்த நாளிலிருந்து, பள்ளி விட்டு வரும் என் மகளைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டு சிங்கள ஆச்சி. அவர் காலமானபோது கொரியாவில் வேலை செய்யும் ஒரே மகன் வந்து, இறந்தவருக்குப் புண்ணியம் சேர பௌத்த பிக்குமாருக்குச் சாப்பாடு கொடுக்கும் ஏழாம் நாள் தானத்தை முடித்துவிட்டுத் திரும்பினார். மூன்று மாதம் முடிந்ததும் கொடுக்கும் தானத்துக்கு லீவு கிடைக்கவில்லை. காசு அனுப்பி, என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

நான் தோட்டத்தில் வளர்ந்தவள். மாரியம்மன் திருவிழா தெரியும், தானம் தெரியாது. சரி, கேட்டுச் செய்வோம் என்று பன்சலைக்கு, அதாவது பௌத்த விகாரைக்குப் போனேன்.

செருப்பைக் கழற்றி, மண்டியிட்டுக் கும்பிட்டு, பாயில் உட்கார்ந்தேன். ஹாமுதுரு (பிக்கு) ஒரு கொப்பியை எடுத்தார். அங்கே தினமும் சாப்பாடு கொடுப்பது எங்கள் ஒழுங்கைகளில் உள்ள வீடுகள்தான். எந்த நாள் யார் முறை என்பது அதில் இருந்தது. பிக்குமாரின் சங்கத்துக்குக் கொடுக்கும் தானம் என்றால் குறைந்தது நான்கு பிக்குமார் வேண்டும், இங்கே இருவர்தான், மற்றவர்களை அடுத்த பன்சலையில் கேட்கிறேன் என்றார். என் தடுமாற்றச் சிங்களத்தைப் பொறுமையாகக் கேட்டவர், ஒரு கதையும் சொன்னார். 1753இல் சியாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) உபாலி தேரர் கண்டிக்கு வந்துதான் இங்கே அற்றுப்போயிருந்த உபசம்பதாவை (பிக்குமாரின் முழுத் துறவு தீட்சையை) மீட்டுக் கொடுத்தாராம். அப்போது ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி வந்த அரசன். அதைக் கேட்டதும் என் கூச்சம் பாதி போய்விட்டது.

கூடாரம், கதிரை, பெரிய சட்டிகள் எல்லாம் மரண உதவிச் சங்கத்தினுடையவை. அந்தச் சங்கம் கூடுவது பன்சலையின் போதனை மண்டபத்தில். நான் உறுப்பினர் இல்லை என்றேன். ஆச்சி உறுப்பினர், அது போதும் என்றார் செயலாளர்.

அன்று பயந்தது நேரத்துக்குத்தான். நண்பகலுக்குப் பின் பிக்குமார் சாப்பிட மாட்டார்கள். புத்த பூசைக்கு முதலில் படைத்த பிறகே அவர்களுக்குப் பரிமாறலாம். ஒன்பது மணிக்கு கேஸ் முடிந்தது. சோறு பாதி வேக்காட்டில். அழாத குறையாக ஒழுங்கைக்கு வந்து நின்றேன். மூன்று வீட்டு அடுப்புகள் எனக்காகப் பற்றின.

புத்தரின் தாதுப் பேழையைத் தலையில் சுமந்தவர் முன்னே வர, பிக்குமார் பின்னால் வந்தார்கள். என் கணவர் வாசலில் அவர்களின் காலைக் கழுவ, பக்கத்து வீட்டு அண்ணன் துடைத்துவிட்டார். பதினொன்றரைக்குள் சாப்பாடு முடிந்தது.

அப்புறம் பிக்குமார் பாளியில் பிரித் ஓதிக்கொண்டிருக்க, கோப்பை நிரம்பி வழியும்வரை தண்ணீர் வார்க்க வேண்டும். மகன் இல்லாததால் ஜக்கை என் கையில் கொடுத்தார்கள். பின்னால் நின்றவர்கள் என் தோளைத் தொட்டுக்கொண்டார்கள். "இதங் மே ஞாதீனங் ஹோது" என்று ஹாமுதுரு சொல்லித்தர நானும் சொன்னேன். "இது என் உறவினருக்குச் சேரட்டும்" என்று அர்த்தம். அந்த இடத்தில் எனக்குக் குரல் உடைந்தது.

மறுநாள் சட்டிகளைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்படியே கொப்பியில் மாதம் ஒரு காலைத் தானத்துக்கு எங்கள் பெயரையும் எழுதச் சொன்னேன். முதல் முறைக்கு இடியப்பமும் சொதியும், கொஞ்சம் தேங்காய்ச் சம்பலும்.