சிங்கத்தின் சொந்தக்காரர்கள்

“மாமா, இந்தச் சிங்கம் ஆருடையது?”

கல்லடியில் தங்கையின் வீட்டில், ஹொலிவூட் கலையகமான எம்ஜிஎம்மின் 1950களின் படமொன்று அதன் சின்னமான கர்ஜிக்கும் சிங்கத்துடன் தொடங்கியபோது மருமகள் கேட்ட கேள்வி இது. சிங்கம் அமேசனுடையது, படம் வார்னர் பிரதர்ஸிடம் இருக்கிறது, எம்ஜிஎம்மின் பழைய கலையக வளாகம் சோனியிடம் இருக்கிறது என்றதும் அவள் குழம்பிப்போனாள்.

1924 இல் திரையரங்கு அதிபர் மார்க்கஸ் லோவ் மூன்று நிறுவனங்களை இணைத்து உருவாக்கிய அந்தக் கலையகம், 1969 இல் கேர்க் கேர்க்கோரியன் என்ற முதலீட்டாளரின் கைக்குப் போனது. அவருக்குப் படங்களைவிட லாஸ் வேகாஸ் ஹோட்டல்களிலேயே நாட்டம் அதிகம்.

மறு வருடமே, பல தசாப்தங்களாகச் சேர்ந்திருந்த உடைகளும் அரங்கப் பொருட்களும் ஏலத்துக்கு வந்தன. 1939 ஆம் ஆண்டுப் படமொன்றில் நடிகை ஜூடி கார்லண்டுக்காகச் செய்யப்பட்ட, மினுக்குத் தகடுகள் பதித்த செந்நிறச் சப்பாத்துச் சோடிகளில் ஒன்று 15,000 டொலருக்குப் போனது. தையற்கூடத்தில் பெயரின்றி உழைத்தவர்களின் கைவேலை அப்படிச் சிதறியதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பொறுக்கவில்லை.

1986 இல் கலையகத்தை வாங்கிய தொலைக்காட்சி அதிபர் டெட் டேர்னர், பழைய படங்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மற்றவற்றைச் சில மாதங்களிலேயே விற்றுவிட்டார். அவர் வைத்துக்கொண்ட படங்கள்தான் பின்னர் வார்னர் பிரதர்ஸிடம் போய்ச் சேர்ந்தன. அந்தப் படங்களைப் பேணி, தொலைக்காட்சி வழியாகப் புதிய தலைமுறைக்குக் கொண்டுபோனதற்காக அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

எம்ஜிஎம் 2010 இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. 2022 இல் அமேசன் அதை ஏறத்தாழ 845 கோடி டொலருக்கு வாங்கியது. எம்ஜிஎம்மின் புகழுக்கு அடித்தளமிட்ட பொற்காலப் படங்கள் அந்த விலைக்குள் அடங்கவில்லை.