ஆகஸ்ட் 14 நினைவுக்கூட்டம்: குமரி மாவட்டத்தில் நடத்த நினைப்பவர்களுக்கு

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் பெண்களைப் பாலியல் அடிமைகளாக அடைத்துவைத்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1991 ஆகஸ்ட் 14 அன்று, கொரியாவின் கிம் ஹாக்-சுன் சொந்தப் பெயரில், முகம் காட்டி அதைச் சொன்னார். நினைவுநாள் அந்தத் தேதியில்தான்.

ஆனால் நம்மூரில் அன்றைக்கு ஆள் சேர்ப்பது கஷ்டம். கடற்கரைப் பங்குகளில் மறுநாள் விண்ணேற்பு மாதா திருவிழாவுக்கான மாலை ஆராதனை இருக்கும், பள்ளிகளில் சுதந்திர தின ஒத்திகை. அதற்கு முந்தைய புதன்கிழமை மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜனவரி 8 முதல் சியோலில் ஜப்பான் தூதரகம் முன்பு நீதி கேட்டு, பாதிக்கப்பட்ட பாட்டிமாரும் ஆதரவாளர்களும் கூடியதும் புதன்கிழமைகளில்தான்.

ஒன்றரை மணி நேரம் போதும். பொன்னாடை, நினைவுப் பரிசு, வரிசையாக வாழ்த்துரை எதுவும் வேண்டாம். பாதி நேரம் அதிலேயே போய்விடும். மூன்று சாட்சியங்களை வாசியுங்கள்: கிம் ஹாக்-சுன், பிலிப்பைன்ஸின் மரியா ரோசா ஹென்சன், ஜாவாவில் பிடிபட்ட டச்சுப் பெண் ஜான் ரஃப்-ஓஹெர்ன். ஆளுக்கு ஐந்து நிமிடம், ஏறக்குறைய 450 சொல். வயதில் மூத்த பெண்கள் வாசித்தால் நல்லது. மாணவிகளை வைத்து அந்தக் கொடுமையை நடித்துக் காட்ட வைக்காதீர்கள். அது அந்தப் பெண்களை இன்னொரு முறை காட்சிப்பொருளாக்கும்.

எத்தனை பேர் என்று கட்டாயம் கேட்பார்கள். ஜப்பான் சரணடைந்தபோது ஆவணங்கள் பெருமளவில் எரிக்கப்பட்டன. அதனால் மதிப்பீடுகள் சில பத்தாயிரங்களிலிருந்து 2 லட்சத்துக்கு மேலும் போகின்றன. ஒரே எண்ணை அடித்துச் சொன்னால், மறுப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் பொய் என்பார்கள்.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது பணம் பற்றிய பகுதிக்கு. "நஷ்டஈடுதான் கொடுத்தாச்சே?" என்று ஒருவராவது கேட்பார். 1995-ல் தொடங்கிய ஆசியப் பெண்கள் நிதி, ஆளுக்கு 20 லட்சம் யென் தர முன்வந்தது. அந்தத் தொகை ஜப்பானியப் பொதுமக்களின் நன்கொடை. அரசு தன் சட்டப் பொறுப்பை ஏற்றுத் தந்தது அல்ல. அதனால்தான் வறுமையில் இருந்தும் பலர் வாங்க மறுத்தார்கள். ஜப்பானும் தென்கொரியாவும் செய்துகொண்ட 2015 டிசம்பர் 28 உடன்பாட்டில் 100 கோடி யென் பேசப்பட்டது, உயிரோடிருந்த பெண்களைக் கலந்து பேசாமலேயே. இதைப் புரியவைக்காமல் கூட்டத்தை முடித்தால், வந்தவர்கள் பரிதாபத்தோடு மட்டும் திரும்புவார்கள். பாதிக்கப்பட்ட பெண்கள் கேட்டது பரிதாபம் அல்ல. குற்றத்தை ஒப்புக்கொள்வது, உண்மையை வெளியிடுவது, அரசின் மன்னிப்பு, சட்டப்படியான இழப்பீடு, பொறுப்பானவர்களுக்குத் தண்டனை, பாடநூலில் இடம், நினைவிடம்: ஏழு கோரிக்கைகள். தட்டியில் பெரிதாக எழுதி முன்னால் வையுங்கள்.

இலங்கைத் தமிழரான ராதிகா குமாரசுவாமி ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளராக 1996-ல் தந்த அறிக்கையையும் அவசியம் குறிப்பிடுங்கள். ஜப்பான் சட்டப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே எழுதினார். 2023 நவம்பரில் சியோல் உயர்நீதிமன்றமும் இழப்பீடு தர உத்தரவிட்டது. வேற்று நாட்டு நீதிமன்றம் தன்னை விசாரிக்க முடியாது என்பதே ஜப்பானின் நிலைப்பாடு.

கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களில் ஒருவருக்குத் தன் பழைய காயம் கிளறப்படலாம். வாசலருகே விவரமறிந்த ஒரு பெண் உட்கார்ந்திருக்கட்டும். எழுந்து போகிறவரிடம் காரணம் கேட்க வேண்டாம். 181 மகளிர் உதவி எண்ணை அச்சிட்ட சீட்டை எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். தேவைப்படுகிறவர் கை நீட்டிக் கேட்க வேண்டியிருக்காது.