ஒரு பேசின் பனி

கனடாவுக்கு வந்த புதிதில் பல தமிழ் வீடுகளில் நவம்பர் தொடங்கினால் பிள்ளைக்கு வெளியே போக அனுமதி இல்லை. தடிமன் பிடித்துவிடும் என்ற பயம். ஆனால் ஒன்ராறியோவில் நாலு வயது ஆகும் ஆண்டின் செப்டம்பரிலேயே பள்ளியின் முதல் வகுப்பான ஜூனியர் கிண்டர்கார்டன் தொடங்கிவிடும். அங்கே இடைவேளைக்குப் பனியில்தான் விளையாட்டு. அதற்கு முன்பே பனி கைக்குப் பழகவேண்டும். வெளியே கூட்டிப்போகத் தயக்கமென்றால் பனியை உள்ளே கொண்டுவாருங்கள்.

வீதியோரத்துப் பனியில் உப்புக் கலந்திருக்கும். பின்வளவில் மேலாக விழுந்த புதுப்பனியை அள்ளுங்கள். பாத்திரம் கழுவும் பேசினில் முக்கால்வாசி போதும். கீழே பழைய துவாய் ஒன்றை விரித்து, இரண்டு கரண்டி, ஒரு சிரட்டை கொடுங்கள். வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டிய நாளில் விழும் பனி ஈரமானது, உருண்டை பிடிக்கும். கடுங்குளிரில் விழுவது மாவுபோல உதிரும். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் ஒட்டும். நிறத்துக்குப் பீட்ரூட் அவித்த தண்ணீர் நல்லது. அதைப் பிரிட்ஜில் குளிரவைத்த பிறகே தெளிக்கவேண்டும், சூடாக ஊற்றினால் பனி குழியாகிக் கரைந்துபோகும். மஞ்சள் தூள் வேண்டாம், வாடகை வீட்டுக் கார்ப்பெட்டில் பட்டால் கறை போகாது.

வெறுங்கையால் ஓரிரு நிமிடம் தொட்டால் போதும், பிறகு மிற்றன் (நாலு விரலும் ஒன்றாக நுழையும் கையுறை). விரல் சிவந்தாலோ வலிக்கிறது என்றாலோ உடனே துடைத்துச் சூடாக்குங்கள். பனியைத் தின்னவிடக் கூடாது. பனிக்கட்டியில் உப்புத் தூவும் விளையாட்டு எங்கும் சொல்லப்படுகிறது. அது வேண்டாம், உப்புப்பட்ட பனிக்கட்டி பூச்சியத்துக்கும் கீழே குளிர்ந்து தோலைப் புண்ணாக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கரண்டியால் ஊற்றிக் கரைப்பதே மூன்று வயதுக்குப் போதும்.

விளையாடும்போது பேசுங்கள். சில்லென்று இருக்கிறதா, நறநறக்கிறதா, பொலபொலவென்று உதிர்கிறதா? கையில் பனி இருக்கும்போது கேட்ட சொல் பிள்ளைக்கு எளிதில் மறக்காது. ஒக்டோபரில் மேப்பிள் சருகு, பூசணி விதை, ஏப்ரலில் சேறு எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

உடுப்புப் போடுவதும் இதோடு சேர்ந்த பயிற்சி. முதலில் பனிக் காற்சட்டை, பிறகு பூட்ஸ், ஜாக்கெட், தொப்பி, கடைசியில் மிற்றன். மிற்றனை முந்திப் போட்டால் ஜாக்கெட்டின் சிப்பை (zip) இழுக்க முடியாது. ஜாக்கெட்டின் உட்பக்கம் மேலே தெரியத் தரையில் விரித்து, கழுத்துப் பக்கம் பிள்ளையின் காலடியில் இருக்க வையுங்கள். குனிந்து இரண்டு கையையும் நுழைத்துத் தலைக்கு மேலால் தூக்கிப் போட்டால் தானாகவே முதுகில் வந்து உட்காரும்.