மாண்டிசோரி வகுப்பில் இன்டர்ன்ஷிப்: தெரிந்துகொண்டு போக வேண்டியவை

முதல் வாரம் முழுக்க உங்களுக்கு ஒரு முக்காலியும் நோட்டும்தான். ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில் இருக்கும். யாராவது சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டினால் கை தானாக நீளும். நீட்டாதீர்கள். உதவி வேண்டுமென்றால் குழந்தையே கேட்கும்.

நோட்டில் மணியைப் போட்டு, கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள். ‘அடம்பிடித்தாள்’ என்பது தீர்ப்பு. ‘9.40: தட்டைக் கீழே வைத்தாள், ஜன்னலைப் பார்த்து நின்றாள். 9.44: மறுபடி எடுத்தாள்’ என்பதுதான் பதிவு. கல்லூரி அறிக்கைக்கும் இதுவே கைகொடுக்கும்.

வளையல், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, பின் குத்தாத துப்பட்டா மூன்றும் வேண்டாம். குனிந்தால் தட்டில் இருப்பதெல்லாம் சரியும்.

அடுத்து வருவது தயாரிப்பு வேலை, குழந்தைகள் வருவதற்கு முன்பே. ஊற்றும் பயிற்சிக்கு ஒரே அளவில் இரண்டு சின்ன ஜக்குகள். முதலில் தானியம், கை பழகிய பிறகு தண்ணீர். பாதிக்குச் சற்று மேலே இருந்தால் போதும். விளிம்புவரை நிரப்பிவிட்டு, சிந்தியதற்குக் குழந்தையைக் குறை சொல்லக் கூடாது. தட்டில் ஸ்பாஞ்சை வைக்க மறந்தால் துடைக்கிற பாடமே போச்சு.

ஒரு பொருளைச் செய்து காட்டும்போது குழந்தை உங்கள் இடப்பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் வலது கை மறைக்காது. கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்க வேண்டும். 1939-ல் இந்தக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரியே அடையாறில் பயிற்சி நடத்திய ஊர் சென்னை. அதனால் இங்கே மூத்த ஆசிரியர்கள் விரல் அசைவுவரை திருத்தினால் மனம் சுருங்காதீர்கள். ஆளில்லாத வகுப்பில் பத்து முறை செய்து பார்த்துவிட்டுப் போங்கள்.

பிங்க் டவர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இளஞ்சிவப்புக் கனசதுரங்கள். அதில் 10 கட்டைகள், பக்க அளவு 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை. அலமாரியிலிருந்து பாய்க்கு ஒவ்வொன்றாகத்தான் கொண்டுவர வேண்டும், ஆக பத்து நடை. நேரம் மிச்சமென்று மூன்றைச் சேர்த்து அள்ளுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. பெரிய கட்டை சின்னதைப் போல 1000 மடங்கு கன அளவு. அந்த வித்தியாசம் தனித்தனியாகத் தூக்கினால்தான் கைக்குத் தெரியும். மூலையோடு மூலை சேர்த்து அடுக்கினால் மிஞ்சும் விளிம்பில் 1 செ.மீ. கட்டை கச்சிதமாக உட்காரும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்கும் நிமிடத்தைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துகளில் ட, ப இரண்டையும் ஒரே நாளில் எடுத்தால் குழம்பும். ட, ம, க என வடிவத்தில் விலகி நிற்பவை நல்லது. இரு விரலால், எழுதும் திசையிலேயே தடவிக் காட்டி ‘இது க’ என்பது முதல் கட்டம். ‘க எங்கே, தொடு’, ‘க-வை என் கையில் கொடு’ என்பது இரண்டாம் கட்டம். நிறைய நேரம் இதற்குத்தான். ‘இது என்ன?’ கடைசி. அவசரப்பட்டு நேரே அங்கே தாவினால் குழந்தை வாயடைத்துப் போகும். அப்போது ‘தப்பு’ என்ற சொல் வரவே கூடாது. இரண்டாம் கட்டத்துக்குத் திரும்பி, சிரித்த முகத்தோடு முடித்துவிட்டு, இன்னொரு நாள் எடுங்கள்.

மாலை பெருக்கும் முன் கட்டைகளை எண்ணுங்கள். 1 செ.மீ. கட்டைதான் அடிக்கடி தொலையும்: சுருட்டிய பாய்க்குள், அலமாரி அடியில், சில நாள் யாருடைய கால்சட்டைப் பையிலாவது.