சில்லறை காட்டிக்கொடுத்த கதை

"கையில் இவ்வளவு வைத்துக்கொண்டா தள்ளுபடி கேட்கிறீர்கள்?"

இணையத்தளம் ஓடும் சர்வர் கணினியை வாடகைக்கு விடுபவரிடமிருந்து இப்படி ஒரு பதில். என் கையில் எவ்வளவு இருக்கிறது என்று இவருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. முந்தின நாள் பிட்காயினில் வாடகை கட்டிய நான்தான் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சிறிய தமிழ் மென்பொருளை இலவசமாகக் கொடுத்துவருகிறேன். அதன் பக்கத்தின் அடியில், என் பெயருக்குக் கீழே, நன்கொடைக்கான பிட்காயின் முகவரி. அந்த முகவரி இருந்த அதே வாலட்டில்தான், அதாவது பிட்காயின் பணப்பைச் செயலியில்தான், வெளிநாட்டு வாடிக்கையாளர் கொடுத்த என் கூலியும் கிடந்தது. முகவரி வேறு என்பதால் பையும் வேறு என்று நினைத்திருந்தேன். மடத்தனம்.

வாடகைக்கு நன்கொடைகள் போதவில்லை. வாலட் என்னைக் கேட்காமலே கூலிக் காசையும் சேர்த்து அனுப்பி, மீதிச் சில்லறையைப் புதிய முகவரிக்குத் திருப்பியது. எல்லாப் பரிவர்த்தனைகளும் பதிவாகும் பிட்காயின் பேரேடு எல்லோரும் புரட்டக்கூடியது. ஒரே பரிவர்த்தனையில் சேர்ந்து செலவாகும் முகவரிகள் பெரும்பாலும் ஒரே ஆளுடையவை என்பது இத்துறையில் பாலபாடம். அவற்றில் ஒன்று ஊரறிய என் பெயரோடு தொங்குகிறது. வெளியே போனவை இரண்டு தொகைகள். ஒன்று அவருக்கு வந்தது, அப்படியானால் பெரிய தொகை யாருடையது? அவர் துப்பறியவே வேண்டியிருக்கவில்லை. தள்ளுபடியும் கிடைக்கவில்லை.

என்னோடு போகட்டும் என்றால், கொடுத்தவர்களையும் மாட்டிவிட்டிருக்கிறேன். தேதி, தொகை, பெயர் போட்டு நன்றி சொல்வது என் வழக்கம். ஒருவர் தனியே எழுதி நீக்கச் சொன்னார். தேதியும் தொகையும் போதும், பேரேட்டில் அவர் பரிவர்த்தனையைப் பிடித்து, அவருடைய மற்றக் காசையும் பின்தொடரலாம். நீக்கினேன். அதற்குள் யார் பார்த்தார்களோ.

பிறகு பிட்காயினில் பணம் வாங்க உதவும் பிடிசிபே சர்வர் என்ற மென்பொருளை நிறுவினேன். ஒவ்வொரு நன்கொடைக்கும் புதிய முகவரி தரும். அதற்கு எக்ஸ்பப் என்ற பொதுச் சாவி போதும். செலவழிக்கும் சாவி என்னிடமே இருக்கும். நிறுவ ஒரு மாலை ஆனது.

அடுத்த இரண்டு நாளை விழுங்கியது வேறு. பணம் வந்துவிட்டது என்கிறது பிடிசிபே. அதே காசைக் காட்டவேண்டிய என் வாலட் செயலியான ஸ்பேரோவிலோ பூஜ்யம். வயிற்றில் புளியைக் கரைத்தது. நன்கொடைப் பொத்தானை அழுத்திவிட்டுக் கொடுக்காமல் போகிறவர்களுக்கும் ஆளுக்கொரு முகவரி போய்விடுகிறது. வாலட் வரிசையாக 20 காலி முகவரிகளைக் கண்டால் அதற்குமேல் தேடாது. 'கேப் லிமிட்' என்ற அந்த எண்ணை 200 ஆக்கியதும் காசு வந்து நின்றது. உதவி கேட்டு அலைந்தபோது ஒருவர், "எக்ஸ்பப்பை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்றார். திருட முடியாதுதான். ஆனால் அந்த வாலட்டில் வந்ததும் வரப்போவதும் அவருக்குத் தெரிந்திருக்கும். யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ரூபாயாக மாற்றப் போனால், பிட்காயினை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் பணத்தை நிறுத்திவைத்தது. எங்கிருந்து வந்தது? நன்கொடை. கொடுத்தவரின் அடையாளச் சான்று? உண்டியலில் போட்டவரிடம் ஆதார் அட்டை கேட்பார்களா! மூன்று வாரம் அதே பதிலை வெட்டி ஒட்டி அனுப்பினார்கள். ஒவ்வொரு வரவுக்கும் தேதி, அன்றைய ரூபாய் மதிப்பு, காரணம் என்று நான் எழுதிவைத்த குறிப்பேடும் ஆடிட்டர் கடிதமும்தான் கடைசியில் வழிவிட்டன. அங்கே பான் எண் இல்லாமல் நடக்காது. 2022 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, விற்பனையில் 1 சதவீத டி.டி.எஸ். கட்டிவிட்டேன். நான் ஒளிய நினைத்தது சர்வர்காரரிடமிருந்து, வரித்துறையிடமிருந்து அல்ல.

தொகையையே மறைக்கும் மொனேரோ என்ற வேறு கிரிப்டோ நாணயத்தில் நன்கொடை வாங்கேன் என்றான் தம்பி. வாங்கலாம், எங்கே மாற்றுவது? பைனான்ஸ் (Binance) என்ற பெரிய எக்ஸ்சேஞ்சே 2024 பிப்ரவரியில் அதைக் கைகழுவிவிட்டது.

இந்த ஆண்டு வேறொருவரிடம் சர்வர் எடுத்தேன். தள்ளுபடியை முதலிலேயே பேசி முடித்தேன். கூலிக்குத் தனி வாலட். நன்கொடை வாலட்டில் எந்தக் காசு போகவேண்டும் என்று நானே பொறுக்கினேன்: மூன்று நன்கொடைகள், கூட்டினால் வாடகையைவிடச் சில நூறு சடோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) அதிகம். அது பரிவர்த்தனைக் கட்டணத்தில் கரைந்தது, சில்லறை மிஞ்சவில்லை.

"வந்தது, நன்றி" என்று மட்டும் பதில் வந்தது.