இச்சிகாவாவோடு பதினைந்து நாள்

அக்டோபர் 10, 2024

டோக்கியோவில் ஒலிம்பிக் தொடங்கி இன்றோடு 60 வருடம். அந்தப் போட்டிகளை வைத்து ஜப்பானிய இயக்குநர் கோன் இச்சிகாவா எடுத்த 'டோக்கியோ ஒலிம்பியாட்' படத்தை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இந்த முறை, 1964-ல் எந்தப் போட்டி எந்தத் தேதியில் நடந்ததோ, அதே தேதியில் அந்தப் பகுதியை மட்டும் பார்க்கப்போகிறேன். 170 நிமிடப் படம், பதினைந்து நாள். தோன்றுவதை அன்றன்றே இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் சூரியன். சிவந்த வானத்தில் அது மட்டும். அடுத்த நொடி ஒரு பெரிய இரும்புக் குண்டு ஊசலாடி வந்து பழைய கட்டடத்தை இடிக்கிறது. விளையாட்டுப் படத்தை இடிபாட்டுப் புழுதியில் தொடங்கும் துணிச்சல் வேறு யாருக்கு இருந்தது? பிறகு ஒலிம்பிக் தீபம் ஊர் ஊராக வருகிறது, ஹிரோஷிமா வழியாகவும் வருகிறது. அரங்கத்தில் அதை ஏற்றிய யோஷினோரி சகாய், 1945 ஆகஸ்ட் 6 அன்று, அணுகுண்டு விழுந்த நாளில், ஹிரோஷிமா பக்கம் பிறந்த பிள்ளை. 19 வயது. படிகளில் அவர் ஏறும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. கல்யாணப் படம் எடுக்கும் என் இரண்டு கேமரா, நாலு லென்ஸ், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். இன்று எந்த வேலையும் இல்லை, படமும் இல்லை. சுண்டல் மட்டும்.

அக்டோபர் 14

10,000 மீட்டர். உலக சாதனைக்காரர் ரான் கிளார்க் ஓடுகிறார், எல்லாருக்கும் அவர்மேல்தான் கண். கடைசிச் சுற்றில், ஒரு சுற்றுப் பின்தங்கியவர்களுக்கு நடுவே புகுந்து வந்து முந்தியவர் அமெரிக்காவின் பில்லி மில்ஸ். 28 நிமிடம் 24.4 விநாடி. செய்திப்படம் என்றால் அங்கே முடிந்திருக்கும்.

இச்சிகாவா முடிக்கவில்லை. எல்லாரும் ஓடி முடித்த பிறகும் தடத்தில் ஒருவர் ஓடிக்கொண்டிருக்கிறார். மார்பில் 67 என்று எண். இலங்கை ராணுவத்து வீரர் ரணதுங்க கருணானந்த. முதலில் கூட்டம் கிண்டல் செய்கிறது. அடுத்த சுற்றிலும் அவர் வருகிறார். கிண்டல் அடங்குகிறது. அதற்கும் அடுத்து வரும்போது அரங்கமே கைதட்டுகிறது. பின்னாளில் ஜப்பானியப் பாடப்புத்தகத்தில் அவர் கதை ஏறியது. ஓர் எடிட்டராக எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்தக் கைதட்டல் நம்மைத் தொடுவதற்குக் காரணம், முன்னால் இருந்த கிண்டலை இச்சிகாவா வெட்டாமல் வைத்திருப்பது. சொந்த ஊர்க் கூட்டம் செய்த தப்பை அப்படியே வைக்க மனசு வேண்டும்.

அக்டோபர் 15

விடாத மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்திவிட்டார்கள். கரண்ட் இல்லை. லேப்டாப் பேட்டரியில் பார்த்தேன்.

100 மீட்டர் இறுதி. அமெரிக்காவின் பாப் ஹேய்ஸுக்குக் கிடைத்தது முதல் தடம். அது கரித்தூள் தடம், அன்று பகலில் நடைப்போட்டிக்காரர்கள் மிதித்துக் குழப்பிவிட்டுப் போனது. அதில் ஓடித்தான் 10.0 விநாடி. ஆனால் என் மனதில் நிற்பது, ஓட்டத்துக்கு முந்தைய அமைதி. தூரத்திலிருப்பதை அருகில் காட்டும் பெரிய டெலி லென்ஸில் முகங்கள், மெதுவாக. கன்னத்துத் தசை துடிக்கிறது, எச்சில் விழுங்குகிறார்கள், கண் எங்கோ நிலைகுத்தியிருக்கிறது. பத்து விநாடி ஓடுபவனுக்கு அதற்கு முன்னால் இருக்கும் நிமிடங்கள்தான் நீளமானவை என்பதை இப்படித்தான் காட்ட முடியும். எட்டு வருடம் கழித்து மியூனிக் ஒலிம்பிக்கிலும் இச்சிகாவா இதே 100 மீட்டரைத்தான் கேட்டு வாங்கி எடுத்தார்.

இதே நாளில்தான் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டு வீரர் அஹமத் இசா 800 மீட்டர் அரையிறுதியில் தோற்றார். சாட் நாடு சுதந்திரம் பெற்று அப்போது நாலு வருடம், வந்த வீரர்கள் இரண்டே பேர். அவரைப் படம் ஒரு கதாநாயகனைப் போலப் பின்தொடர்கிறது. வீரர்கள் தங்கிய ஒலிம்பிக் கிராமத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் சுற்றிலும் மற்ற நாட்டவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். மெல்லும்போது பார்வை தட்டைவிட்டு எழுவதில்லை. முதல்முதலாக வெளியூர் விடுதி மெஸ்ஸில் சாப்பிட்ட யாருக்கும் அந்தக் குனிந்த தலை தெரியும்.

அக்டோபர் 17

குண்டெறிதல். வீரர் குண்டைக் கழுத்தோடு வைக்கிறார், எடுக்கிறார், பனியனை இழுத்துவிடுகிறார், மறுபடி வைக்கிறார். எறியும் தூரத்தைவிட அந்தக் கையின் தவிப்பில்தான் படத்துக்கு அக்கறை. பாட்டி பூட்டிய கதவை நாலு முறை இழுத்துப் பார்ப்பாளே, அது ஞாபகம் வந்தது.

அக்டோபர் 19

இன்று படம் பார்க்கவில்லை. மனசு சரியில்லை.

போன மாதம் எடுத்த ஒரு கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர்கள் திருத்தம் சொன்னார்கள். பெண்ணின் பெரியம்மா, வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டு, தரையில் மண்டியிட்டுப் பெண்ணின் கொசுவத்தை நீவிவிடுகிறார். கீழ் மடிப்பு சரியாக விழுந்ததும், ஊக்கு வாயில் இருக்கும்போதே, தானாக ஒரு சிரிப்பு. எட்டு விநாடி. "இது எதுக்கு? இந்த இடத்துல மேடைக்கு வந்தவங்க போட்டோவ போடுங்க. பதிவு வேணும்" என்றார்கள்.

பதிவு. இதே சொல்லால்தான் இச்சிகாவாவையும் அடித்தார்கள். முதலில் இன்னொரு பெரிய இயக்குநரான அகிரா குரோசாவாவிடம் பேசி, அவர் விலகிய பிறகு இவரிடம் வந்த வேலை அது. இவர் மனைவி நத்தோ வாடா, கவிஞர் ஷுன்தாரோ தனிகாவா எல்லாரும் சேர்ந்து போட்டிகளுக்கு முன்பே திரைக்கதை எழுதிவைத்தார்கள். ஒளிப்பதிவுக்கு கசுவோ மியாகாவா, நூற்றுக்கு மேல் கேமராக்கள். 1965 மார்ச்சில் போட்டுக் காட்டியதும் ஒலிம்பிக் அமைச்சர் இச்சிரோ கோனோ, இது கலையா பதிவா என்று கேட்டுக் கடுமையாகப் பேசிவிட்டார். பெரிய சண்டை ஆயிற்று. நடிகை ஹிதேகோ தகமினே பத்திரிகையில் இச்சிகாவாவுக்காக எழுதினார். அதோடு நிற்காமல் அமைச்சரை நேரில் பார்த்துப் பேசி, இருவரையும் சந்திக்கவும் வைத்தார். எனக்கு அந்த அம்மாவை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. படம் திரைக்கு வந்து ஜனங்கள் குவிந்தார்கள். அமெரிக்காவுக்குப் போனபோது மட்டும் 93 நிமிடமாக வெட்டிவிட்டார்கள்.

என் கட்சி இது: வென்றவர் பெயர், நேரம், தூரம் எல்லாம் அட்டவணையில் கிடைக்கும். அதற்குக் கேமரா தேவையில்லை. காத்திருந்தது, கை நடுங்கியது, தனியாகச் சாப்பிட்டது, இவை கேமராவில் மட்டும்தான் பதிவாகும். அப்படியானால் எது பதிவு?

அக்டோபர் 21

மாரத்தான். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா. 1960-ல் ரோமில் வெறுங்காலோடு ஓடி வென்றவர். இம்முறை காலில் ஷூ. குடல்வால் அறுவை முடிந்து ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. திரை முழுக்க அவர் முகம், பக்கவாட்டில், மெதுவாக. தாடையிலிருந்து வியர்வை சொட்டுகிறது. முகத்தில் வலி இல்லை, கர்வம் இல்லை. ஏதோ உள்ளே கேட்டுக்கொண்டிருப்பதைப் போல ஓடுகிறார். பார்க்கும் என் மூச்சு அந்த ஓட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது.

நடுவில் தண்ணீர் மேஜைகள். ஒருவர் ஓடிக்கொண்டே குவளையைப் பறிக்கிறார், இன்னொருவர் நின்று நிதானமாகக் குடிக்கிறார். பாதங்கள் புண்ணாகி உட்கார்ந்துவிட்டவர்களும் உண்டு. இவர்களை எடுக்க ஆள் நிறுத்தி வைத்திருந்தார்களே, அதுதான் இயக்கம் என்பேன்.

பிகிலா 2 மணி 12 நிமிடம் 11.2 விநாடியில் முடித்து, புல்தரையில் கைகால் நீட்டி உடற்பயிற்சி செய்தார். அடுத்தவர் வர நாலு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அரங்கத்துக்குள் இரண்டாவதாக நுழைந்த ஜப்பானின் கோகிச்சி சுபுராயாவை, எல்லார் கண்ணெதிரேயும் பிரிட்டனின் பாசில் ஹீட்லி முந்தினார். சுபுராயாவுக்கு வெண்கலம். 1968 ஜனவரியில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எடுத்தபோது இச்சிகாவாவுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும் என்பதால் அந்த ஓட்டத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

அக்டோபர் 23

இதே நாளில் நம் ஹாக்கி அணி பாகிஸ்தானை 1-0 என்று வென்றது. அப்பா ரேடியோவில் கேட்டதாகச் சொல்வார்.

பெண்கள் கைப்பந்தின் கடைசி ஆட்டமும் இன்றுதான். ஜப்பான், சோவியத் அணியை 3-0 என்று வென்றது. பெண்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். கேமரா அவர்களை விட்டுப் பயிற்சியாளர் ஹிரோபுமி தைமாத்சுவைத் தேடிப் போகிறது. இத்தனை வருடம் அவர்களை வாட்டி எடுத்த மனிதர், கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தனியாக நிற்கிறார். பெண்ணை அனுப்பிவிட்டு மண்டபத்து வாசலில் நிற்கும் அப்பாக்களின் நிற்பு அது.

அக்டோபர் 24

நிறைவு விழா. நாடு வாரியாக வரிசை இல்லை, எல்லாரும் கலந்து, தோளில் கைபோட்டு உள்ளே வருகிறார்கள். கூட எடிட் செய்யும் தம்பியும் இன்று உட்கார்ந்து பார்த்தான். முடிந்ததும், "அக்கா, அந்தச் சாப்பிடுற ஆள திரும்பப் போடுங்க" என்றான். போட்டேன்.

பெரியம்மா ஷாட்டை நீக்கவில்லை. கல்யாணப் பெண்ணுக்கு அதை மட்டும் தனியாக அனுப்பினேன். அது இருக்கட்டும் என்று பதில் வந்திருக்கிறது, வீட்டில் அவளே பேசிக்கொள்வாளாம்.

ஐப்பசியில் ஒரு முகூர்த்தம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். விடிகாலை நாலு மணிக்கே மண்டபத்தில் இருக்க வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் மேடையைத் தம்பி பார்த்துக்கொள்வான். நான் டெலி லென்ஸோடு கீழே, நாற்காலி வரிசைக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறேன்.